பாப்-அப், மெனுவுக்கு இனி ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாமா? இணையதளங்களை மாற்றும் புதிய வெப் ஸ்டாண்டர்டுகள்

மொபைலில் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீங்க. பக்கம் வந்துடுச்சு, ஆனா மெனுவை அழுத்தினா எதுவும் நடக்கல. நெட் ஸ்லோ என்று நினைப்போம். அந்த மெனுவை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோடு இன்னும் இறங்கி முடியாததும் காரணமாக இருக்கலாம். இந்தச் சுமையைத்தான் புதிய வெப் ஸ்டாண்டர்டுகள் குறைக்கின்றன.

வெப் ஸ்டாண்டர்டு என்றால் என்ன?

ஒரே கோடு எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி வேலை செய்வதற்கான பொது விதிகள். ஹெச்டிஎம்எல் விதிகளை 2004-ல் தொடங்கப்பட்ட வாட்விக் அமைப்பு பராமரிக்கிறது. டிசைனுக்கான சிஎஸ்எஸ் விதிகளை டபிள்யூ3சி கவனிக்கிறது.

புதுசா என்ன வந்திருக்கு?

டயலாக்: பாப்-அப் பெட்டிக்கான ஹெச்டிஎம்எல் டேக். 2022 மார்ச் முதல் குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. முன்பு இதை டெவலப்பர்களே எழுதணும். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடருக்குப் புரியாத பாப்-அப்கள் அப்படித்தான் உருவாகின. இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை பிரவுசரே செய்கிறது.

கன்டெய்னர் குவெரி: முன்பு மொத்த ஸ்கிரீன் அகலத்தைப் பார்த்துதான் டிசைன் மாறும். இப்போது ஒரு செய்திப் பெட்டி, தான் இருக்கும் இடத்தின் அகலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். 2023 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸும் இதில் சேர்ந்தது.

ஹேஸ்: படிவத்தில் ஒரு கட்டம் தப்பாக இருந்தால், அதைச் சுற்றியுள்ள பகுதியையே சிவப்பாக்க சிஎஸ்எஸ் போதும். 2023 டிசம்பரில் மூன்று பிரவுசர்களுக்கும் வந்துவிட்டது.

அப்போ ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லையா?

அப்படி இல்லை. லைவ் ஸ்கோர், மேப், வீடியோ கால் எல்லாத்துக்கும் அது வேணும். சின்னச் சின்ன வேலைகளுக்குப் பெரிய லைப்ரரிகளை ஏற்றுவதுதான் குறையும். கோடு குறைந்தால் டேட்டா மிச்சம், விலை குறைந்த போனிலும் பக்கம் வேகமாக இயங்கும்.

சிக்கல் எங்கே?

பழைய போன்களில்! ஐபோனில் சஃபாரி, ஐஓஎஸ் அப்டேட்டுடன்தான் புதுப்பிக்கப்படுகிறது. அப்டேட் நின்றுபோன போனுக்குப் புதிய வசதிகள் வராது. ஒரு டெவலப்பர் புதிய வசதியை மட்டுமே நம்பி டிக்கெட் புக்கிங் பக்கத்தைக் கட்டினால், அந்தப் போன் வைத்திருப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதற்கு உதவுவதுதான் 'பேஸ்லைன்' அடையாளம். ஒரு வசதி முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் வந்து 30 மாதங்கள் ஆன பிறகே அது 'பரவலாகக் கிடைக்கிறது' என்று குறிக்கப்படும். முதலில் சாதாரண ஹெச்டிஎம்எல்லில் படிவம் வேலை செய்யணும், அதன் மேல் புது வசதிகளைச் சேர்க்கணும் என்பதே பாதுகாப்பான வழி.

நீங்க செய்ய வேண்டியது?

பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. புதிய வசதிகளோடு பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன.