சுண்டெலியிடம் பயின்ற விஞ்ஞானிகள்



சுண்டெலி என்றதும் நம் நினைவுக்கு வருவது அரிசி மூட்டையைக் கடித்து வைக்கும் பிராணிதான். அதைப் பிடிக்கப் பொறி வைப்போம். இல்லையேல் பூனை வளர்ப்போம். ஆனால் அந்தச் சிறு பிராணியைப் பேணி வளர்த்தே புற்றுநோயைப் பற்றிய பல உண்மைகளை மனிதகுலம் அறிந்துகொண்டது. அந்த வேலைக்கு இளைஞர்கள் எவ்வாறு பழக்கப்பட்டார்கள், அந்தப் பயிற்சியின் உயிர்நாடி எது என்பதை இன்று காண்போம்.

முதலில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிரான்பி என்னும் சிற்றூருக்குச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அபி லேத்ரோப் என்னும் அம்மையார் வாழ்ந்து வந்தார். முன்னர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கோழி வளர்த்துப் பார்த்தார், கைகூடவில்லை. பிறகு, ஆசைக்கு எலி வளர்ப்போருக்கு விற்பதற்காகச் சுண்டெலிகளை வளர்த்தார். ஆராய்ச்சிக்கூடங்களும் அவரிடம் எலி வாங்கின.

ஒருநாள் சில எலிகளின் தோலில் கட்டிகள் இருப்பதை அம்மையார் கண்டார். நோய்ப்பட்ட எலிதானே என்று அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அறிஞர்களுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். லியோ லோப் என்னும் மருத்துவ அறிஞர் அது புற்றுநோயே என்று கூறினார். எந்த எலி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அம்மையார் ஏட்டில் ஒழுங்காகக் குறித்து வந்தார். அதனால், சில குடும்பங்களில் புற்றுநோய் மிகுதியாகவும் சிலவற்றில் குறைவாகவும் வருவது புலப்பட்டது. இருவரும் சேர்ந்து 1913-ஆம் ஆண்டு முதல் பல ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டனர். விஞ்ஞானப் பட்டம் பெறாத அந்த அம்மையாருக்குத் துணை நின்றவை கூர்ந்த கண்ணும் குறிப்பேடும்தாம்.

அதே காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் இளைஞர், 1909-ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார். இவ்வாறு இருபது தலைமுறைகள் சென்றால், அந்த இனத்து எலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை போல் ஆகிவிடும்.

இதனால் என்ன பயன்? நம் ரப்பர்த் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே தாய் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய மரங்கள் இரண்டு நிரைகளில் நிற்கின்றன. ஒரு நிரைக்கு மட்டும் புதிய உரம் போடுகிறோம். அந்த நிரையில் பால் கூடினால், அதற்கு உரமே காரணம் என்று துணிந்து கூறலாம். விதையில் முளைத்த மரமும் ஒட்டு மரமும் கலந்து நின்றால் அப்படிக் கூற இயலுமா? ஒரே இனத்து எலிகளை விஞ்ஞானிகள் நாடியது இதனால்தான். லேத்ரோப் அம்மையாரிடமிருந்து வந்த எலிகளின் வழியில் லிட்டில் 1921-ஆம் ஆண்டில் உருவாக்கிய கறுப்பு எலியினம், உலக ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றும் பெருமளவில் பயன்படுகிறது.

லிட்டில் பின்னர் மேய்ன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1924-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மாணவர்கள் சிலரைப் பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றார். கூடாரங்களில் தங்கியே அவர்கள் பாடம் கற்றனர். அதே ஊரில் 1929-ஆம் ஆண்டில் ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடத்தை அவர் நிறுவினார். கோடைதோறும் இளைஞர்கள் அங்கே வரலாயினர். பள்ளி மாணவர்களும் அவர்களில் இருந்தனர்.

எலிகளைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சியில் கற்க வேண்டிய முதற்பாடம், எலியை நோகாமல் கையில் எடுப்பது. அடுத்து, ஒவ்வோர் எலிக்கும் அடையாளமிட்டு எடை பார்ப்பது. விரல் நுனியால் தடவிக் கட்டி உண்டா என்று அறிவது. கண்டதை அன்றன்றே ஏட்டில் எழுதுவது. எதிர்பார்த்தது நிகழாவிட்டாலும், நிகழ்ந்ததைத்தான் எழுத வேண்டும். எலியை எடுக்கும் பழக்கம் சில நாட்களில் கைவந்துவிடும். உள்ளதை உள்ளபடி எழுதும் துணிவு வருவதுதான் அரிது.

அந்தத் துணிவின் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். புற்றுநோய்க்குப் பரம்பரையே முதற்காரணம் என்பது லிட்டிலின் நம்பிக்கை. அவருடைய கூடத்திலேயே பணியாற்றிய ஜான் பிட்னர், மார்பகப் புற்றுநோய் மிகுந்த இனத்துக் குட்டிகளை எடுத்து, அந்நோய் அரிதாக வரும் இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகள் வளர்ந்தபோது நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. பரம்பரை மட்டும் காரணமன்று, தாய்ப்பால் வழியாகவும் ஏதோ ஒன்று செல்கிறது என்று 1936-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அது ஒரு வைரஸ் கிருமி என்பது பின்னர் தெளிவாயிற்று. இது சுண்டெலிகளுக்குரிய கிருமி. ஆகவே நம் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பாலூட்ட இதனால் அஞ்ச வேண்டியதில்லை.

1949-ஆம் ஆண்டுக் கோடையில் ஹோவர்ட் டெமின் என்னும் பள்ளி மாணவர் அக்கூடத்துக்கு வந்தார். பின்னர் 1955-இல், அங்கு வந்த மாணவர்களுக்கு அவரே வழிகாட்டியாக இருந்தார். அம்மாணவர்களுள் ஒருவர் டேவிட் பால்ட்டிமோர். உயிரணுவில் டி.என்.ஏ. என்பது மூல ஏடு, ஆர்.என்.ஏ. என்பது அதன் படி. மூல ஏட்டைப் பார்த்துப் படி எடுக்கலாம், படியைப் பார்த்து மூல ஏட்டை எழுத முடியாது என்றே அக்கால விஞ்ஞானிகள் பலர் எண்ணினர். சில புற்றுநோய் வைரஸ்கள் அவ்வாறு எழுதுகின்றன என்று டெமின் சொன்னபோது, பல ஆண்டுகள் அதை ஏற்பார் இல்லை. 1970-ஆம் ஆண்டில் டெமின் கோழியின் வைரஸிலும், பால்ட்டிமோர் சுண்டெலியின் இரத்தப் புற்றுநோய் வைரஸிலும், தனித்தனியே அதை மெய்ப்பித்தனர். 1975-ஆம் ஆண்டில் ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எய்ட்ஸ் நோயின் வைரஸை 1983-ஆம் ஆண்டில் கண்டறிய இந்த அறிவே துணையாயிற்று.

நேயர்களே, இவ்வரலாற்றில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. எலிகளைக் கொண்டு இத்தனை பேருக்கு வழிகாட்டிய லிட்டில், 1954-ஆம் ஆண்டில் சிகரெட் நிறுவனங்கள் அமைத்த ஆராய்ச்சிக் குழுவில் விஞ்ஞானப் பொறுப்பை ஏற்றார். புகைபிடிப்பதால் புற்றுநோய் வருவது மெய்ப்பிக்கப்படவில்லை என்று ஆண்டுக்கணக்கில் கூறி வந்தார். சான்றுகள் மலைபோல் குவிந்தும் அவர் மாறவில்லை. மாறாக, அவர் நிறுவிய கூடத்தில் பயின்ற டெமின், நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றபோது, புற்றுநோயைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தும் மக்கள் புகையை விடவில்லையே என்று அந்த விழாவிலேயே மனம் குமுறிப் பேசினார். நிறுவியவர் மறந்த பாடத்தைப் பயின்றவர் மறக்கவில்லை.

இன்று இளம் விஞ்ஞானிகள் மனிதக் கட்டியின் சிறு பகுதியை எலியின் உடலில் வளர்த்து மருந்துகளைச் சோதிக்கக் கற்கிறார்கள். எலிக்குக் குணமானதெல்லாம் மனிதனுக்குக் குணமாகிவிடாது என்பதையும் கற்கிறார்கள். எலிக்கும் வலி உண்டு. ஆதலால், மாற்று வழி உள்ள இடத்தில் அதையே கைக்கொள்ள வேண்டும், எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், துன்பத்தைத் தணிக்க வேண்டும் என்னும் மூன்று நெறிகளை, ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு அறிஞர்கள் 1959-ஆம் ஆண்டில் வகுத்தனர். இன்றைய பயிற்சியில் அவையும் அடங்கும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு செடியின் இலையில் புள்ளியைக் கண்டு, “இது ஏன் இப்படி இருக்கிறது?” என்று கேட்டால், விரட்டிவிடாதீர்கள். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து, “நாளைக்கும் பார்த்து எழுதி வை” என்று சொல்லுங்கள். லேத்ரோப் அம்மையாரும் அப்படித்தான் தொடங்கினார். டெமின் குமுறிச் சொன்னதையும் நம் வீட்டு ஆண்கள் காதில் போட்டுக்கொள்வார்களாக. கையிலிருக்கும் சிகரெட்டைக் கீழே போட எந்த ஆராய்ச்சிக்கூடமும் தேவையில்லை.