சாதிலிங்கத்தின் இரு நிறங்கள்

கவிதை எழுதுவோர் சிவப்பைப் பாடாதிருத்தல் அரிது. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது, யார் கையில் விளைந்தது என்று கேட்பது அதனினும் அரிது. நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அக்கேள்வியை எழுப்புவது பொருந்தும் என எண்ணுகிறேன்.

பாதரசமும் கந்தகமும் அணுவுக்கு அணு என்ற கணக்கில் கூடினால் பிறப்பது மெர்க்குரிக் சல்பைடு. சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என வழங்கும் சரக்கு இதுவே. அதன் எடையில் நூற்றுக்கு 86 பங்கு பாதரசம். இரண்டையும் கல்வத்திலிட்டு அரைத்தால் கறுப்புத் தூள் கிடைக்கும். அதையே நெருப்பிலேற்றிப் பதங்கமாக்கினால் செந்நிறம் தோன்றும். பொருள் மாறவில்லை, அடுக்கு மாறிற்று. சிவப்பில் அணுக்கள் திருகுச் சங்கிலிகளாக நிற்கின்றன. கறுப்பில் ஒவ்வோர் அணுவையும் மற்றைய இன அணுக்கள் நான்கு சூழ்ந்துள்ளன. அதே சொற்களை வேறு வரிசையில் நிறுத்தப் பாட்டே வேறாவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

எழுத்துக்கும் இச்சிவப்புக்கும் உறவு பழையது. சீனத்தில் முத்திரையிடும் செம்மை இதனால் ஆனது. ஐரோப்பியக் கைச்சுவடிகளில் தலைப்பெழுத்துகள் இதனால் ஒளிர்ந்தன. ஆயினும் இது நிலையான நிறமன்று. உரோமாபுரியில் ஃபாபெரியசு என்னும் எழுத்தர் தம் மாளிகை முற்றத்துச் சுவர்களுக்கு இதையே பூசுவித்தார். முப்பது நாளில் அவை அழகு கெட்டன என்று கட்டடக் கலை நூலாசிரியர் விட்ருவியசு எழுதிவைத்தார். ஒளியும் குளோரைடு உப்பும் சேர்ந்து தாக்குவதால் இந்நிறம் கருகுகிறது என்பது இன்றைய ஆய்வு கண்ட செய்தி.

கருகாத கறை வேறொன்று உண்டு. ஸ்பெயின் நாட்டு அல்மாடென் சுரங்கம் இக்கனிமத்தின் பெருங்களஞ்சியம். உலகம் இதுவரை எடுத்த பாதரசத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அங்கிருந்து வந்தது. கனிமத்தைக் காற்றில் சுட்டால் கந்தகம் புகையாய்ப் பிரியும். பாதரசம் ஆவியாகிக் குளிர்ந்து துளிக்கும். அமெரிக்க வெள்ளியைத் தாதிலிருந்து பிரிக்க அந்தப் பாதரசம் கடல் கடந்தது. 1566 முதல் 1800 வரை தண்டனைக் கைதிகள் அங்கே உழைத்தனர். ஆவியை மூச்சில் வாங்கியவர்களுக்கு உடல் நடுங்கிற்று, அறிவும் கலங்கிற்று.

1593இல் அவர்கள் நிலையை விசாரிக்க அரசு ஒருவரை அனுப்பியது. அவர் மத்தேயோ அலெமான். கைதிகளை ஒவ்வொருவராய்க் கேட்டு வாக்குமூலம் பதிவு செய்தார். அந்த அறிக்கை நெடுங்காலம் ஆவணக் கட்டுகளுக்குள் உறங்கி, 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிவந்தது. விசாரணைக்கு ஆறாண்டு கழித்து, 1599இல், அவர் ‘குஸ்மான் தெ அல்ஃபராச்சே’ என்னும் நாவலின் முதற்பகுதியை வெளியிட்டார். கதை சொல்பவன் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்ற கைதி. அல்மாடெனில் கேட்ட குரல்கள் அந்நாவலில் எவ்வளவு கலந்தன என்று அளந்து சொல்ல இயலாது. கேட்ட காதும் எழுதிய கையும் ஒருவருடையவை என்பது மட்டும் உறுதி.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுரங்கம் ஓய்ந்தது. 2012இல் உலக மரபுச் சின்னமாயிற்று. சுவரில் பூசிய சிவப்பு கறுக்கலாம். கைதியின் வாய்மொழி நானூறு ஆண்டு கடந்தும் கறுக்கவில்லை. நிறத்தைப் பாடும் நாம் அதை விளைத்த கைகளையும் பாடக் கடமைப்பட்டவர்கள்.