எழுதிய சுவரும் எழுதிய வாழ்வும்: கங்காதேவியின் மிதிலை ஓவியங்களில் தன்னறிதல்

முன்னுரை

தன் வாழ்வைத் தானே தீட்டிப் பார்த்தல் என்பது இந்திய ஓவிய வரலாற்றில் பெரும்பாலும் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர்க்கு உரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. பாரிசில் பயின்ற காலத்தில் தம் முகத்தையே பலமுறை தீட்டிய அமிர்தா ஷெர்கில் (1913-1941) இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பெறுகிறார். நாட்டுப்புற ஓவியமோ பெயரற்றோர் ஆக்கம், மரபின் குரல், சடங்கின் பகுதி என்று வகுக்கப்படுகிறது. அதில் ஒரு தனிமனிதரின் அகத்தைத் தேடுதல் பொருந்தாது என்பது இப்பகுப்பின் உட்கிடை. பீகார் மாநிலம் மதுபனி மாவட்டத்தைச் சேர்ந்த கங்காதேவியின் (1928-1991) ஓவியங்கள் இப்பகுப்பைக் கேள்விக்கு உள்ளாக்குகின்றன. சடங்கு ஓவியத்தின் இலக்கணத்தை விட்டு விலகாமலேயே அவர் தம் வாழ்வையும் நோயையும் உருவங்களாக்கிக் கண்டார் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

1. எழுதுதல் என்னும் வழக்கு

மிதிலைப் பெண்கள் ஓவியத்தைத் தீட்டுவதாகக் கூறுவதில்லை, எழுதுவதாகவே கூறுவர். மைதிலியில் இதற்கு வழங்கும் சொல் எழுதுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தது. தமிழ் மரபிலும் ஓவியத்தை எழுதுதல் என்பதே பழைய வழக்கு என்பது தமிழாய்வாளர் நன்கறிந்தது. வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள் உருவம் வரைதலையும் எழுத்து வரைதலையும் ஒரே வினையால் குறிப்பது எண்ணத்தக்கது. இவ்வழக்கை ஏற்றுக்கொண்டால், கங்காதேவியின் ஓவியங்களைத் தன்வரலாறாகப் படிப்பது வெளியிலிருந்து திணிக்கும் உவமை ஆகாது. அம்மொழியே இசைவு தரும் வாசிப்பு ஆகும்.

மிதிலையில் இவ்வெழுத்தின் இடங்கள் இரண்டு. தரையில் அரிசிமாவுக் கரைசலால் இடப்படுவது அரிபன். இது நம் மாக்கோலத்தோடு ஒப்பிடத்தக்கது. சுவரில் எழுதப்படுவனவற்றுள் தலையாயது கோஹ்பர். இது மணமக்கள் திருமணத்தை அடுத்த முதல் இரவுகளைக் கழிக்கும் அறையின் சுவரோவியம். தாமரைக் கொடியும் மூங்கிலும் மீனும் ஆமையும் கிளியும் அதில் இடம்பெறும். அறையின் மூலைகளில் நயனா ஜோகின் என்னும் காவல் உருவங்கள் நிற்கும். இவ்வுருவங்கள் வளமையையும் மகப்பேற்றையும் வேண்டுவன. எழுதுவோர் பெண்கள், கற்பிப்போரும் பெண்களே. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் இக்கலை கைமாறியது.

2. சுவரிலிருந்து தாளுக்கு

1934ஆம் ஆண்டு சனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கம் வீடுகளை இடித்தது. உள்ளறைச் சுவர்களை வெளியுலகின் கண்ணுக்குக் காட்டியது. அப்பகுதியில் ஆட்சி அலுவலராக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் இவ்வோவியங்களைக் கண்டு ஒளிப்படம் எடுத்தார். 1949இல் மார்க் இதழில் வெளிவந்த அவரது கட்டுரையே இக்கலையை அறிஞருலகுக்கு அறிமுகம் செய்தது.

இரண்டாம் திருப்பம் 1966-67ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியால் நேர்ந்தது. மக்களுக்கு வருவாய் தேடித்தரும் நோக்கில், அனைத்திந்தியக் கைவினை வாரியத்தில் பொறுப்பு வகித்த புபுல் ஜெயகர், ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மதுபனிக்கு அனுப்பினார். பெண்களிடம் தாள் வழங்கப்பட்டது. தாள் அவர்களுக்கு முற்றிலும் புதியது அன்று. திருமணத்திற்கான குங்குமத்தைப் பொதியும் தாளில் ஓவியம் எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. ஆயினும் விற்பனைக்காகத் தாளில் எழுதுதல் புதியது. சுவரோவியம் சடங்கோடு தோன்றிப் பின் வெள்ளையடிப்பில் மறையும். தாளோவியமோ எஞ்சி நிற்கும். ஊர் கடந்து செல்லும். எழுதியவரின் பெயரைக் கேட்கும்.

பெயர் கேட்கப்பட்டபோதே தனித்த கைகள் வெளிப்பட்டன. ஜகதம்பா தேவி 1975இலும் சீதா தேவி 1981இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். தலித் சமூகப் பெண்கள் தம் பச்சைகுத்து மரபிலிருந்து கோத்னா என்னும் தனிப்பாணியை உருவாக்கித் தம் தெய்வமான ராஜா சல்ஹேசின் கதையை எழுதினர். எனவே தாளின் வருகையைச் சந்தையின் வருகையாக மட்டும் மதிப்பிடுதல் போதாது. யார் எழுதலாம், எதை எழுதலாம் என்னும் வரையறையையும் அது நெகிழ்த்தியது.

3. கங்காதேவியின் கோடு

கங்காதேவி காயஸ்தர் குடும்பத்தில் பிறந்தவர். காயஸ்தர் வழிவழியாகக் கணக்கெழுதும் தொழிலினர். பிராமணப் பெண்கள் வண்ணம் நிரப்பும் பர்னி பாணியில் சிறக்க, காயஸ்தப் பெண்கள் நுண்கோடுகளால் உருவத்தை நிறைக்கும் கச்னி பாணியில் சிறந்தனர். மையும் கோலும் புழங்கிய வீடுகளில் கோட்டோவியம் செழித்தது இயல்பே. கங்காதேவியின் கையில் அக்கோடு மிகுந்த கட்டுப்பாடு உடையதாயிற்று. கருப்பு, சிவப்பு முதலிய சில நிறங்களைக் கொண்டே ஆடையின் மடிப்பையும் உடலின் கனத்தையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார்.

அவரது இல்லறம் துன்பம் நிறைந்தது. கணவர் மற்றொரு பெண்ணை மணந்துகொண்டதால் வீட்டில் அவர் நிலை தாழ்ந்தது, வறுமையும் சேர்ந்தது. தாளோவியம் வழியாகக் கிடைத்த வருவாயே அவரைத் தனித்து நிற்கச் செய்தது. 1984இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரது வாழ்வையும் கலையையும் விரிவாக ஆராய்ந்தவர் தில்லி கைவினை அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஜோதீந்திர ஜெயின். அவரது நூல் 1997இல் வெளிவந்தது.

4. பொருள்மாற்றத்தின் படிநிலைகள்

கங்காதேவி எழுதிய பொருள்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஒரு வளர்ச்சி புலனாகிறது. கோஹ்பரில் எதை எழுத வேண்டும் என்பதைச் சடங்கு வரையறுக்கிறது. இராமாயண ஓவிய வரிசையில் நிகழ்ச்சிகளைக் கதை தருகிறது. எந்நிகழ்ச்சியைத் தேர்வது, ஒரே தாளில் எவ்வாறு அடுக்குவது என்பன எழுதுபவரின் முடிவுகளாகின்றன. மூன்றாம் நிலையில் அமைவது 'மனித வாழ்க்கை' என்னும் வரிசை. பிறப்பு, குழந்தைப் பருவம், அவற்றுக்குரிய சடங்குகள், திருமணம் என மிதிலைப் பெண்ணின் வாழ்க்கைச் சுழற்சியை அது எழுதிக் காட்டுகிறது. இங்குக் கதை இல்லை. காவிய மாந்தர் இல்லை. ஊர்ப் பெண்ணின் அன்றாடமே காவியத்திற்குரிய இடத்தைப் பெறுகிறது.

இவ்வரிசையில் கங்காதேவி தம்மைத் தனியே பிரித்துக் காட்டவில்லை. எல்லாப் பெண்களுக்கும் பொதுவான வாழ்வின் ஊடாகவே தம் வாழ்வைப் பார்க்கிறார். 'நான்' என்பதை 'நாங்கள்' என்பதிலிருந்து அகற்றிக் காணாத இந்நோக்கு, கண்ணாடியில் கண்ட முகத்தைத் தீட்டும் தன்னுருவ ஓவியத்திலிருந்து வேறுபட்டது. அகப்பாடலின் தலைவி பெயர் சுட்டப்படாதவளாக இருப்பதே அவளது உணர்வை எவரும் தமதாகக் கொள்ள இடந்தருகிறது. அதனை அறிந்த தமிழாய்வாளர்க்கு இப்பொதுமை ஒரு குறையாகத் தோன்றாது.

1985ஆம் ஆண்டையொட்டி அவர் அமெரிக்கா சென்றார். அங்குக் கண்ட வாஷிங்டன் நினைவுத்தூணும் கேளிக்கைப் பூங்காவின் வேகத் தொடர்வண்டியும் அவரது தாளில் ஏறின. புதிய பொருளுக்காக அவர் புதிய பாணியைக் கடன் வாங்கவில்லை. மிதிலைக் கோட்டின் இலக்கணத்திற்குள்ளேயே அயல்நாட்டுக் காட்சியை அமைத்தார். மரபு, தான் முன்பு காணாததையும் சொல்ல வல்லது என்பதற்கு இவ்வோவியங்கள் சான்றாகின்றன.

5. நோயை எழுதுதல்

1980களின் பிற்பகுதியில் கங்காதேவிக்குப் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக் காலத்தில் அவர் எழுதிய ஓவியங்கள் 'புற்றுநோய் வரிசை' எனப்படுகின்றன. மருத்துவமனையும் படுக்கைகளும் மருத்துவரும் நோயாளியும் அவற்றின் பொருள். நான்காம் நிலையான இதில் சடங்கும் இல்லை, காவியமும் இல்லை, ஊரின் வாழ்க்கைச் சுழற்சியும் இல்லை. மருத்துவமனைக்கு முன்மாதிரி ஓவியம் எதுவும் மிதிலைச் சுவரில் இருந்ததில்லை. தாம் பட்டறிந்தது ஒன்றே அவருக்கு மூலம்.

நோயாளி மருத்துவமனையில் பார்க்கப்படுபவர். பிறர் அவரது உடலைச் சோதிப்பர், பதிவுசெய்வர். அந்நிலையைத் தாமே எழுதும்போது அவர் பார்ப்பவராக மாறுகிறார். தம் உடலுக்கு நேர்வதைத் தாள்மீது ஒரு தொலைவில் வைத்துக் காண முடிகிறது. தன்னறிதல் என இக்கட்டுரை குறிப்பது இந்த இடமாற்றத்தையே. அதே வேளையில், தெய்வத்தையும் மணமகளையும் எழுதிய அதே கோடு நோயாளியையும் எழுதுவதால், நோயுற்ற உடலும் மதிப்புக்குரிய உருவங்களின் வரிசையில் இடம்பெறுகிறது. துயரத்தை மிகைப்படுத்தாத அக்கோட்டின் ஒழுங்கே பார்ப்போரை அருகில் அழைக்கிறது.

6. தில்லியில் எழுதிய கோஹ்பர்

சிகிச்சைக்கு இடையே, 1989-90ஆம் ஆண்டுகளில், தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் கங்காதேவி கோஹ்பர் எழுதினார். தம் கலைப்பயணத்தின் தொலைவான எல்லையை நோயோவியங்களில் தொட்ட பின்னர், தொடக்கத்துக்கே அவர் திரும்பியதாகக் கொள்ளலாம். ஆயின் இது பழைய கோஹ்பர் அன்று. இவ்வறையில் திருமணம் நிகழப்போவதில்லை. எழுதுபவரோ இல்லறம் சிதைந்தவர், சாவை எதிர்நோக்கியவர். வளமையை வேண்டும் உருவங்களை அவர் யாருக்காக எழுதினார் என்னும் வினா எழுகிறது. தமக்குக் கிட்டாத வாழ்வை, முன்பின் அறியாத பார்வையாளர்க்கு வாழ்த்தாக வழங்கினார் என்பது பொருத்தமான விடையாகலாம்.

நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்த அரசி கட்டிலின் மேற்கட்டியில் எழுதப்பட்ட திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். பிறர் எழுதிய சேர்க்கையின் ஓவியம் அவளுக்குத் தன் பிரிவை உணர்த்துகிறது. அவள் காண்பவள் மட்டுமே. மிதிலையின் கங்காதேவியோ பிரிவை நன்குணர்ந்தும் சேர்க்கையின் ஓவியத்தைத் தம் கையால் எழுதியவர். பள்ளியறை ஓவியம் பெண்ணுக்குத் தன் நிலையைக் காட்டும் கருவியாவது இரண்டிலும் பொது. அக்கருவி யார் கையில் உள்ளது என்பதே வேறுபாடு.

கங்காதேவி 1991இல் மறைந்தார். அவ்வறை, அருங்காட்சியகச் சீரமைப்புப் பணிகளின்போது அழிக்கப்பட்டது. 2015இல் இச்செய்தி வெளிவந்தபோது கலை அறிஞர்கள் கடும் வருத்தம் தெரிவித்தனர். சுவரோவியம் அழிவது மரபே என்று இதனை அமைதிப்படுத்த இயலாது. ஊர்ச் சுவரை வெள்ளையடிப்பவள் அடுத்த திருமணத்தில் மீண்டும் எழுதுவாள். இங்கு மீண்டும் எழுதும் கை இல்லை.

7. பின்வந்தோர்

தம் வாழ்வை எழுதும் வழி கங்காதேவியோடு முடியவில்லை. மீனவர் சமூகத்தில் பிறந்த துலாரி தேவி, ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலை செய்தபோது இக்கலையைக் கற்றவர். எழுதப் படிக்கக் கல்லாத அவர், ஓவியத்தால் சொன்ன தன்வரலாறு சென்னையின் தாரா பதிப்பகத்தால் நூலாக்கப்பட்டது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மணவறைச் சுவரில் தொடங்கிய எழுத்து, வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணின் தன்வரலாற்று நூலாகத் தமிழகத்தில் அச்சேறியமை இக்கலையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

முடிவுரை

சடங்கு, காவியம், பொதுவாழ்வு, தன்பட்டறிவு என்னும் படிநிலைகளில் கங்காதேவியின் உருவ ஓவியம் வளர்ந்தது. ஒவ்வொரு படியிலும் மரபின் கோடு தொடர்ந்தது. அக்கோடு தாங்கிய பொருள் மட்டும் அவரது அகத்தை நெருங்கிச் சென்றது. மரபை விடுத்தால்தான் தன்னை அறிய முடியும் என்னும் கருத்துக்கு இவ்வோவியங்கள் மறுப்பாகின்றன.

இம்முடிவு கலைத்திறனாய்வோடு நிற்பதன்று. ஓர் ஆக்கத்தைக் கைவினை என வகைப்படுத்தும்போது, அதே வேலையை வேறொரு கை மீண்டும் செய்துவிடும் என்னும் எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. தில்லி அறையின் அழிவுக்குப் பின்புலமாக இவ்வெண்ணம் இருந்திருக்கக்கூடும். அது ஒருவரின் வாழ்வெழுத்து என்று படிக்கப்பட்டிருப்பின், ஒரேயொரு கையெழுத்துப் படி மட்டும் எஞ்சிய நூலைப் போல அது காக்கப்பட்டிருக்கும். ஓலைச்சுவடிகளை இழந்து வருந்திய வரலாறு தமிழாய்வுலகிற்கு உண்டு. எழுத்துப் பனுவல்களுக்குக் காட்டும் அதே பொறுப்பைப் பெண்கள் எழுதிய சுவர்களுக்கும் காட்டுதல் வேண்டும் என்பதே கங்காதேவியின் ஓவியங்கள் ஆய்வாளர் முன் வைக்கும் கோரிக்கையாகும்.