நாய் தின்ற இறைச்சியும் நோயாளியின் மயக்கமும்

கல்லீரல் கெட்டால் மூளை ஏன் மயங்குகிறது? ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் மாறி மாறி விடை தேடிய கேள்வி இது.

குடலிலிருந்து வரும் இரத்தம் வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கே செல்கிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 1877-இல் ருஷ்ய இராணுவ மருத்துவர் நிக்கலாய் எக், நாய்களில் இச்சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையுடன் இணைத்தார். இரத்தம் கல்லீரலைத் தொடாமல் இதயத்தை நோக்கிப் பாய்ந்தது. 1890-களின் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாவ்லவும் அவருடைய சகாக்களும் இதே அறுவையைச் செய்தனர். அந்நாய்கள் இறைச்சி தின்றால் தள்ளாடின, வலிப்புக் கண்டன, நினைவிழந்தன.

காரணம் என்ன? புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்தக் காவலைத் தாண்டிவிட்டால் அம்மோனியா மூளையை எட்டுகிறது. அங்குள்ள விண்மீன் வடிவ செல்கள் அதைக் குளூட்டமினாக மாற்றுகின்றன. குளூட்டமின் செல்லுக்குள் சேரச் சேர, சவ்வூடு பரவலால் நீர் உட்புகுந்து செல் வீங்குகிறது.

இவ்வுண்மை மனிதரிடம் தெளிவாக நிலைபெற ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின. 1952-இல் பாஸ்டன் மருத்துவர்கள், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குச் சோடியத்தை வெளியேற்றும் அயனி மாற்றுப் பிசினைக் கொடுத்தனர். அது சோடியத்தைப் பற்றிக்கொண்டு அம்மோனியம் அயனிகளை விடுவித்தது. சிலருக்கு மனம் குழம்பியது, கைகள் நடுங்கின. பாவ்லவின் நாய்களுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது. 1954-இல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் குழுவினர், குடல் இரத்தம் கல்லீரலைச் சுற்றிச் செல்லும் மாற்றுப் பாதைகளை இந்நோயுடன் தொடர்புபடுத்தி விளக்கினர்.

மருந்தும் வந்தது. 1966-இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் லாக்டுலோஸ் என்னும் சர்க்கரையைப் பயன்படுத்தினர். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில் அம்மோனியா அம்மோனியம் அயனியாகிறது; குடற்சுவரை எளிதில் கடக்க முடியாமல் மலத்துடன் வெளியேறுகிறது. இன்றும் இதுவே முதல் மருந்து.

ஆனால் நாய்கள் கற்பித்த பாடம் அளவு மீறிப் பின்பற்றப்பட்டதும் உண்டு. பல பத்தாண்டுகள் நோயாளிகளின் உணவில் புரதத்தைக் குறைத்தனர். அதனால் உடல் மெலிந்தது. தசையும் அம்மோனியாவை அகற்ற உதவும் உறுப்பு என்பதை நினைவிற்கொள்ளுங்கள்! 2004-இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வில், வழக்கமான அளவு புரதம் உண்டவர்களின் மூளைப் பாதிப்பு அதனால் மோசமாகவில்லை. இன்றைய மருத்துவ வழிகாட்டிகளும் புரதத்தைக் குறைக்கச் சொல்வதில்லை.

ஆய்வுக்கூடம் வழிகாட்டியது, நோயாளியின் படுக்கையருகே அது திருத்தம் பெற்றது. ஆகவே, கல்லீரல் நோயாளிக்குப் பருப்பும் பாலும் ஆகாது என்று யாரேனும் சொன்னால், அவற்றை விலக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.