யாரும் எழுதலாம், சுவர் யாருடையது? – பயனர் இணையமும் சாதியும்

காரைக்கால் மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் நெடுங்காடு மட்டுமே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அத்தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சந்திர பிரியங்கா, புதுச்சேரியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமைச்சரான பெண். 2023 அக்டோபர் 10 அன்று அவர் பதவி விலகல் கடிதம் அளித்தார். சாதியையும் பாலினத்தையும் வைத்துத் தாம் தாக்கப்படுவதாக அதில் காரணம் கூறியிருந்தார். அவரை நீக்கும் பரிந்துரை முன்பே சென்றுவிட்டது என்று அரசுத் தரப்பு பின்னர் சொன்னது. விலகலா, நீக்கமா என்ற வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அக்கடிதத்தின் வாசகங்கள் அன்றே வெளியே வந்துவிட்டன. மறுநாள் காலை எந்த நாளேடு அதை எந்தப் பக்கத்தில் எத்தனை வரிகளில் போடும் என்று நெடுங்காட்டு மக்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கடிதத்தை வாசித்தவர்களே தங்கள் கருத்துடன் அதை மேலும் பரப்பினார்கள்.

வாசகரே எழுதுபவராகவும் பரப்புபவராகவும் மாறிய இந்நிலை தானாக வந்ததன்று. அதன் வரலாற்றையும், அதற்குள் சாதி எப்படி இயங்குகிறது என்பதையும், சட்டம் அதில் எங்கே நிற்கிறது என்பதையும் அறிந்துகொள்வது களத்தில் நிற்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் அவசியம் என்று கருதுகிறோம்.

உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்தார். 1990இல் அவர் உருவாக்கிய முதல் உலாவியில் பக்கத்தை வாசிக்கவும் முடியும், திருத்தி எழுதவும் முடியும். 1993இல் பரவலான மொசைக் உலாவி வாசிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. எழுதும் வசதி உதிர்ந்துவிட, அடுத்த பத்தாண்டுகளுக்கு இணையதளம் என்பது பெரும்பாலும் அச்சிட்ட துண்டறிக்கையைப் போலவே இருந்தது. தளத்தின் உரிமையாளர் எழுதுவார், மற்றவர்கள் படிப்பார்கள்.

தமிழில் இன்னொரு பூட்டும் இருந்தது. ஒவ்வொரு நாளேட்டின் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதைத் தரவிறக்காவிட்டால் திரையில் தெரிவது கட்டங்களும் கிறுக்கல்களும்தான். வாசிப்பதற்கே இப்பாடு என்றால், பதில் எழுதுவது எங்கே? 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவர முயன்றது. ஒருங்குறி பரவிய பின்னரே நிலை மாறியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதே காலத்தில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. அவற்றைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் 2004இல் வந்தது. இணையம் 2.0 என்ற சொல் 1999இலேயே ஒரு கட்டுரையில் எழுதப்பட்டிருந்தாலும், 2004இல் டிம் ஓ ரெய்லியின் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய மாநாட்டுக்குப் பிறகே அது புழக்கத்துக்கு வந்தது. ஃபேஸ்புக் 2004, யூடியூப் 2005, ட்விட்டர் 2006.

மாறியது என்ன என்பதை எளிமையாகச் சொல்லலாம். முன்பு பக்கம் என்பது எழுதி முடிக்கப்பட்ட ஒரு கோப்பு. இப்போது அது ஒரு வெற்றுச் சட்டகம். அதை நிரப்புவது பயனர்கள் தட்டச்சு செய்வதும், படமெடுத்து ஏற்றுவதும், விருப்பம் தெரிவிப்பதும். இவை அனைத்தும் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் சேர்கின்றன. எவருக்கு எதைக் காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் நிரல் அந்தந்த நொடியில் தீர்மானிக்கிறது. எழுதும் உரிமை நம்மிடம் வந்தது. காட்டும் உரிமை வேறிடத்துக்குப் போனது. முன்னதைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாதிக் கதையும் நமக்குச் சிறியதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும், அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ இதழையும் தொடங்கியது, பிறருடைய அச்சில் தம் மக்களுக்கு இடமில்லை என்பதால்தான். நூறாண்டு கழித்தும் அந்நிலை பெரிதும் மாறவில்லை. தில்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களிடையே ஒரு தலித்தைத் தேடிப் பார்த்த பி.என். உனியால், ஒருவரையும் காணமுடியவில்லை என்று 1996இல் எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரும் இல்லை.

2006 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரே தலித் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் படுகொலை செய்யப்பட்டனர். தேசிய ஊடகங்கள் அதை உரிய அளவில் கவனிக்கச் சில வாரங்கள் ஆயின. அந்த இடைவெளியில் செய்தியைச் சுமந்து சென்றவை தலித் செயற்பாட்டாளர்களின் மின்னஞ்சல் குழுமங்களும் வலைப்பதிவுகளும். பின்னர் ‘ரவுண்ட் டேபிள் இந்தியா’ வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ரவிச்சந்திரன் ஐதராபாத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது ‘தலித் கேமரா’ என்ற யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினார். 2016 சனவரி 17 அன்று ரோகித் வெமுலா இறந்தபோது, அவர் விட்டுச் சென்ற கடிதத்தை ஆசிரியர் குழு எதுவும் சுருக்க முடியவில்லை.

நம் கடற்கரைக்கு அருகில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தரையில் உட்கார வைக்கப்பட்டார். அக்கூட்டம் நடந்து மாதங்கள் கழித்து, 2020 அக்டோபரில் அந்தப் புகைப்படம் சமூக ஊடகங்களில் பரவியது. அதன் பிறகே வழக்கும் கைதும் நடவடிக்கையும் வந்தன. தரையில் உட்கார வைக்கும் வழக்கம் புதிதன்று. ஊரறிந்த அவ்வழக்கத்துக்கு நாடறிந்த சாட்சி கிடைத்ததுதான் புதிது.

இனி மறுபாதி. ஊர்த்தெருவின் முனையில் ஒரு பதாகை கட்டுவதற்குக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்கும் சேரி இளைஞன், அதே பதாகையின் படத்தை முகநூலில் யாரையும் கேட்காமல் போடுகிறான். விடுதலை உணர்வு அங்கே உண்மையானது. ஆனால் அதே சுவரில் ஆண்டபரம்பரைப் பெருமையும், அரிவாளோடு எடுத்த காணொளியும், சாதி மறுத்து மணந்தவர்களின் படமும் முகவரியும் யாரையும் கேட்காமலேதான் ஏறுகின்றன. கோபத்தைக் கிளறுவது நெடுநேரம் பார்க்கப்படுகிறது; நெடுநேரம் பார்க்கப்படுவதை நிரல் மேலும் பலருக்குக் காட்டுகிறது; காட்டப்படும் ஒவ்வொரு முறையும் விளம்பரக் காசு விழுகிறது. இதற்கு எந்தப் பொறியாளரும் சாதி வெறியராக இருக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் வந்த ஓர் இழிவான ஒலிப்பதிவால் புதுக்கோட்டை மாவட்டத்தின் பொன்னமராவதி பற்றியெரிந்து, தடையுத்தரவு வரை சென்றது. அங்கே இழிவுபடுத்தப்பட்டது வேறொரு சமூகம். ஒரு சில நிமிட ஒலி எத்தனை ஊர்களைத் தெருவுக்கு இழுக்கும் என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறோம்.

சுவரின் சொந்தக்காரர் ஒருநாள் சுவரையே இடித்துவிடவும் கூடும். ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டபோது, கயர்லாஞ்சி நாட்களின் கடிதப் போக்குவரத்து போன்றவை இருந்த பெட்டகமும் சேர்ந்து போயிற்று. டிக்டாக்கை 2020 சூனில் அரசே தடை செய்தது. ‘பறையன்’ இதழின் பிரதிகள் கிடைப்பதில்லையே என்று வருந்தும் நாம், நம் காலத்தின் ஆவணங்களைப் பிறர் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.

திறந்த கதவு என்று புகழப்படும் விக்கிப்பீடியாவும் ஒரு நுட்பமான தடையைக் கொண்டது. அங்கே யாரும் தொகுக்கலாம். ஆனால் எழுதும் செய்திக்கு நம்பகமான, ஏற்கெனவே வெளியிடப்பட்ட ஆதாரம் கேட்பார்கள். நாளேடுகள் பதிவு செய்யாத ஒரு சேரிப் போராட்டத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? பழைய புறக்கணிப்பு புதிய விதியின் வழியாக மறுபடி நுழைகிறது. அவ்விதியை நாம் குறை கூறவில்லை. பொய்யைத் தடுக்க வேறு வழி எளிதன்று. உள்ளூர்ப் போராட்டங்களைச் சிறு வெளியீடுகளாக, தேதியும் இடமும் இட்டு அச்சில் கொண்டுவருவது ஏன் இன்றும் தேவை என்பதற்கு இது ஒரு காரணம்.

சட்டத்துக்கு வருவோம். எழுதும் இணையத்தை அரசு முதலில் எதிர்கொண்ட விதத்துக்கு நம் ஒன்றியப் பகுதியே சான்று. 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர், ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி இட்ட ட்விட்டர் பதிவுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. 2015 மார்ச் 24 அன்று சிரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. அதே தீர்ப்பில், ஒரு பதிவை நீக்க வேண்டிய கட்டாயம் நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்கு உண்டு என்று 79ஆம் பிரிவுக்குப் பொருள் கூறப்பட்டது. கருத்துரிமைக்கு அது நல்ல காப்பு. இழிவுபடுத்தப்பட்டவருக்கோ நீண்ட பாதை.

2021ஆம் ஆண்டின் விதிகள் ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றன. அவர் முடிவில் நிறைவில்லையெனில் முறையிட மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023இல் அமைந்தன. 2022 திருத்தம் சாதியின் பெயரால் பகை வளர்க்கும் பதிவுகளையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனால் ‘வன்முறையைத் தூண்டும் நோக்கத்துடன்’ என்ற தொடரையும் உடன் வைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) பிரிவு அவ்வாறு நோக்கம் கேட்பதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையையோ வெறுப்பையோ வளர்த்தாலே போதும். தளத்திடம் தரும் புகாரும் காவல் நிலையத்தில் தரும் புகாரும் ஒரே வாசகத்தில் இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தனிநபரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 3(1)(r), 3(1)(s) பிரிவுகளில் வரும். அது ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும். யூடியூப் அப்படி ஓர் இடமா? 2022 சூலையில் கேரள உயர் நீதிமன்றம் ஆம் என்றது. காணொளியை ஒருவர் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்று அது கூறியது. 2024 ஆகஸ்டில் சாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு வரம்பை இட்டது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை இழிவுபடுத்துவது மட்டும் போதாது, அவர் சாதியின் காரணமாக அது நிகழ்ந்திருக்க வேண்டும். 3(1)(u) பிரிவு தனிமனிதருக்கு அன்றி அச்சமூகத்துக்கு எதிரான வெறுப்பைக் குறிப்பது என்றது. சாதிப் பெயரை உச்சரிக்காமல் ‘கோட்டா’, ‘காலனி’ என்று குறிப்பால் பேசும் இன்றைய இணைய மொழிக்கு எதிராக இவ்வரம்பை வைத்து வாதிடுவது கடினம். ஆகவே அச்சொற்கள் உள்ளூரில் எதைக் குறிக்கின்றன என்பதைப் புகாரிலேயே விளக்கிவிட வேண்டும்.

காரைக்காலுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. வடக்கே பூவத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். மதுவின் விலைக்கு எல்லை உண்டு, வசவுக்கு இல்லை. நாகூரில் தட்டச்சு செய்யப்பட்டதைத் திருநள்ளாற்றில் வாசித்துப் புகார் கொடுத்தால், தமிழ்நாட்டுக் காவல்துறையிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்புவது எளிது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் நிலையம் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். விளைவு நிகழ்ந்த இடத்திலும் விசாரணை நடத்தலாம் என்கிறது 199ஆம் பிரிவு. அதே 173இல் உள்ள முதற்கட்ட விசாரணை வாய்ப்பைக் காட்டிப் பதிவைத் தள்ளிப்போட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அத்தகைய விசாரணை தேவையில்லை என்று சொல்லியிருப்பதைக் காட்டுங்கள்.

வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்ட விளக்கத்தில் அன்று, சான்றில். ஸ்கிரீன்ஷாட் ஒன்றை மட்டும் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் நீதிமன்றத்தில் அது நிற்காது. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கு உறுதிப்படுத்தியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் அச்சான்றிதழ் இரு பகுதிகளாக உள்ளது. ஒன்றைச் சான்றை அளிப்பவரும் மற்றொன்றை வல்லுநரும் தர வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். எனவே பதிவின் முழு இணைய முகவரி, பதிவிட்டவரின் கணக்குப் பெயர், பார்த்த நாள், நேரம், காணொளியானால் தரவிறக்கிய மூலக் கோப்பு ஆகியவற்றை முதலில் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கைப்பேசியை மாற்றவோ அழிக்கவோ கூடாது. தளத்திடம் நீக்கச் சொல்லிப் புகாரளிப்பது இவையெல்லாம் முடிந்த பின்னர்தான். ஆத்திரத்தில் முதலில் புகாரளித்து, பதிவு நீங்கி, கையில் ஒன்றுமில்லாமல் நம்மிடம் வந்து நின்றவர்கள் பலர்.

நீக்கப்பட்ட பதிவையும் அதன் விவரங்களையும் விசாரணைக்காக 180 நாட்கள் தளம் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 விதிகளில் உள்ளது. அதற்குள் காவல்துறையின் கடிதம் நிறுவனத்தைச் சென்றடைய வேண்டும். அது தாமாக எழுதப்படும் என்று காத்திராமல், 94ஆம் பிரிவின் கீழ் அவ்விவரங்களைக் கேட்டுப் பெறுமாறு புகார் மனுவிலேயே தனிப் பத்தி ஒன்றை எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.