ஒரு சீசனும் ஒரு மேட்சும்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

இன்று பேஸ்பால் ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் நம்மில் பெரும்பாலோர் அந்த மட்டையைக் கையால் தொட்டதில்லை. (உடற்கல்வி படித்தவர்கள் கோபிக்க வேண்டாம்.) ஆனால் சில வருஷங்களாக நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடிவந்த ஃபேன்டஸி கிரிக்கெட்டின் பூர்வீகம் அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களும் என்னைப் போல வாத்தியார் வேலை பார்த்தவர்கள்.

1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்சன் என்ற சமூகவியலாளர் இருந்தார். சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். ஆளுக்குப் பத்து டாலர் போடவேண்டும். அதற்குக் கணக்கில் ஒரு லட்சம் டாலர் கற்பனைப் பணம் கிடைக்கும். அதை வைத்து நிஜமான பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்து ஆளுக்கொரு அணி அமைக்க வேண்டும். பிறகு சீசன் முழுக்க அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் எடுக்கும் புள்ளிவிவரங்களைக் கூட்டிப் பார்த்து, யாருடைய அணி முன்னால் நிற்கிறது என்று கணக்கிட வேண்டும். அவர் அதற்கு வைத்த பெயர் 'பேஸ்பால் செமினார்'. செமினார் என்று சொன்னால் யாருக்குச் சூதாட்டச் சந்தேகம் வரும்!

காம்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது விளையாட்டும் கூடவே போனது. அங்கே அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்க்லார். பின்னாளில் சினிமா வரலாற்றாசிரியராகப் பெயர் பெற்றவர். அவர் தன் மாணவர் டேனியல் ஓக்ரெண்ட்டிடம் இதைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் நாம் நடத்திய பாடத்தைவிட, நடுவில் சொன்ன கதைதான் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பது எனக்குத் தெரிந்த உண்மை. ஓக்ரெண்ட்டுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பத்திரிகை, பதிப்பகம் என்று போன அவர், 1979 கடைசியில் விதிகளை எழுதி நண்பர்களிடம் காட்டினார். அவர்கள் கூடிப் பேசிய நியூயார்க் உணவகத்தின் பெயர் லா ரொட்டிசரி ஃபிரான்சேஸ். அதனால் 1980இல் தொடங்கிய அந்த லீக்குக்கு 'ரொட்டிசரி லீக்' என்றே பெயர் வந்தது. ஜெயித்தவர் தலையில் யூ-ஹூ என்ற மலிவான சாக்லேட் பானத்தை ஊற்றுவது அவர்கள் சம்பிரதாயம். இத்தனையும் செய்த ஓக்ரெண்ட் மட்டும் தன் லீக்கில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லையாம்.

1981இல் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத ஆட்டம் இல்லாத பத்திரிகையாளர்கள் இந்த விளையாட்டைப் பற்றி எழுதினார்கள். அப்படித்தான் நாடெங்கும் பரவியது.

அடுத்து வந்தவை நிபுணர் லீக்குகள். எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான். 1994இல் லேபர் என்ற லீக்கும் 1998இல் டவுட் வார்ஸ் என்ற லீக்கும் தொடங்கின. ஆடுகிறவர்கள் இதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைப்பவர்கள். ஊருக்கு ஆலோசனை சொல்கிறவர் தானும் களத்தில் இறங்கிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சீசன் தொடங்கும் முன், மார்ச் மாதத்தில் ஒன்றுகூடி மணிக்கணக்கில் ஏலம் நடத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் 260 கற்பனை டாலர். அதற்குள் 23 ஆட்டக்காரர்களை எடுக்க வேண்டும். யார் எவ்வளவுக்குப் போனார் என்று வெளியானதும் மற்ற லீக்குகாரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் விலையைத் திருத்திக்கொள்வார்கள். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் காலையில் போன விலையைக் கேட்டுவிட்டு ஊர் வியாபாரி மூட்டைக்கு விலை சொல்வாரே, அதுமாதிரி.

அந்த ஏலத்தில் இருப்பது குடும்பக் கணக்கு. சம்பளம் வந்த முதல் வாரமே பட்டுப்புடவை எடுத்துவிட்டால் இருபதாம் தேதிக்குமேல் ரசம்தான். நட்சத்திரங்களுக்கு 150 டாலரைக் கொட்டியவர் கடைசியில் ஒரு டாலர் ஆட்களை வைத்து அணியை நிரப்புவார். ஒரு அணிக்கு 162 ஆட்டம். ஆறு மாதம் அந்த அணியோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

நம் நாட்டில் 2000களின் தொடக்கத்தில் ஈ.எஸ்.பி.என். ஸ்டார் தொலைக்காட்சி 'சூப்பர் செலக்டர்' என்று கிரிக்கெட்டுக்கு இதைக் கொண்டுவந்தது. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் ஐ.பி.எல். ஏலம். தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு எடுத்ததை ஊரே பேசியது. அமெரிக்க வாத்தியார்கள் விளையாட்டாகச் செய்ததை இங்கே நிஜ முதலாளிகள் நிஜப் பணத்தில் செய்தார்கள். அதே ஆண்டில் ட்ரீம்11 நிறுவனமும் தொடங்கியது.

பிறகுதான் அந்தப் பெரிய மாற்றம். சீசன் முழுக்க ஆடுவதற்குப் பொறுமை யாருக்கு? 2010களில் இதை ஒரே மேட்சுக்குச் சுருக்கினார்கள். இரண்டு அணியிலிருந்தும் 11 பேர், 100 கிரெடிட், கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. இரவு ஏழரைக்கு ஆட்டம், பதினோரு மணிக்கு ரிசல்ட், மறுநாள் மறுபடியும் கட்டணம்.

நீதிமன்றத்தில் இது திறமை விளையாட்டு என்று வாதாடினார்கள். அந்த வாதத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி பற்றி என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுபோன்ற பரிசுப் போட்டிகளைப் பற்றிய வழக்கில்தான் 1957இல் உச்ச நீதிமன்றம், திறமையால் வெல்வது வேறு, சூதாட்டம் வேறு என்று பிரித்தது. 1996இல் கிண்டி குதிரைப் பந்தயமும் திறமைக் கணக்கில் சேர்ந்தது. 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஃபேன்டஸி ஆட்டத்தையும் சேர்த்துவிட்டது.

நான் கணக்குப் பாடம் எடுத்தவள். என்னால் இதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1948இல் ஓவல் மைதானத்தில் பிராட்மேன் டெஸ்ட் ஆட்டத்தில் கடைசியாக மட்டை பிடித்தார். நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு. எடுத்தது பூஜ்யம். 99.94 என்பது இருபது வருஷத் திறமை. அந்த ஒரு இன்னிங்ஸில் அவரைக் கேப்டனாகப் போட்டவன் கதி என்ன? ஒரு மாதத் தேர்வில் எவனும் முதல் மார்க் வாங்கிவிடலாம். வருஷம் முழுவதும் வாங்கினால்தான் நாங்கள் ரேங்க் கார்டில் நம்புவோம். திறமை வெளிப்பட நாள் வேண்டும். அந்த நாளை வெட்டிவிட்டுத் திறமை என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன், பெயர் வேண்டாம், சிதம்பரம் பக்கத்துக் கிராமம். வாய்ப்பாட்டில் என்னையே மடக்குவான். ஏதோ ஒரு செயலியில் 49 ரூபாயில் தொடங்கி, மூன்று சீசனில் அக்காவின் நகையை அடகுவைக்கும் வரை போய்விட்டான். "எனக்கு கிரிக்கெட் தெரியும் டீச்சர், அதனாலதான் விட முடியல" என்றான். தெரியாதவன் பயந்து நிறுத்தியிருப்பான்.

தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பின் வந்த சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025இல் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பண விளையாட்டு கூடாது என்று விதியும் வந்தது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுக்கும் தடை போட்டது. நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய வீரர்களின் சட்டையில் விளம்பரதாரர் பெயரே இல்லை.

இப்போது நம் பழைய மாணவர்கள் எட்டுப் பேர் ஐ.பி.எல்.லுக்கு முன் தங்களுக்குள் ஏலம் வைக்கப்போகிறார்கள். சீசன் முழுக்க ஒரே அணி, கட்டணம் இல்லை, பரிசு இல்லை. "நீங்கள் கண்டிக்கக் கூடாதா அக்கா?" என்று உறவினர் ஒருவர் போனில் கேட்டார். மாட்டேன். அவர்கள் காம்சன் வாத்தியாரைவிடச் சுத்தமாக ஆடுகிறார்கள், அவராவது பத்து டாலர் வாங்கினார். தோற்றவன் பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று ஒரு விதி எழுதியிருந்தார்கள். அதை மட்டும் அடிக்கச் சொன்னேன். ஜெயித்தவன் தலையில் வேண்டுமானால் ரோஸ் மில்க் ஊற்றட்டும்.

அக்கா நகையில் வளையல் மீண்டுவிட்டது. சங்கிலிக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது.