நிறம் விடாத கிருமி

1882 மார்ச் 24 மாலை, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோயின் கிருமியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். அன்றைய கணக்கில் இறந்தவர்களில் ஏழில் ஒருவரைக் கொண்டுபோன நோய் அது. அவ்வளவு பேரைக் கொன்ற கிருமி யார் கண்ணிலும் படாததற்கு அதன் மேலுறையே முக்கியக் காரணம். மெழுகுத்தன்மையுள்ள அந்த உறைக்குள் சாயம் எளிதில் இறங்காது. கோக் மெத்திலின் நீலத்தில் காரம் சேர்த்து, ஸ்லைடுகளை ஏறத்தாழ ஒரு நாள் ஊறவைத்தார். பிறகு பழுப்புச் சாயம் ஊற்றியபோது, சுற்றியிருந்த திசு பழுப்பாக மாற, நீலக் குச்சிகள் மட்டும் தனித்துத் தெரிந்தன.

இந்தச் சாயங்கள் துணிக்கு நிறமேற்றப் பிறந்தவை. தாரிலிருந்து அவற்றை எடுத்த ஜெர்மானிய ஆலைகள் இல்லாமல் அந்த மாலை சாத்தியமே இல்லை.

கோக் பேசிய கூட்டத்தில் 28 வயது பால் எர்லிக் இருந்தார். மாணவப் பருவத்திலிருந்தே சாயங்களோடு வாழ்ந்தவர். வீடு திரும்பியதும் வேலையைத் தொடங்கிவிட்டார். காயட்டும் என்று அணைந்த அடுப்பின்மேல் அவர் வைத்த ஸ்லைடுகள், மறுநாள் யாரோ தீ மூட்டியதால் சூடாகி, முன்னைவிட நன்றாக நிறமேறியிருந்தன என்று சொல்வதுண்டு. சூடு சாயத்தை உள்ளே இறக்கும் என்பது மட்டும் உறுதி. காரத்துக்குப் பதில் அனிலினைச் சேர்த்தார் எர்லிக். ஒரு நாள் வேலை மிகச் சுருங்கியது.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. நிறமேறிய ஸ்லைடில் அமிலம் ஊற்றினால் மற்றவை பெரும்பாலும் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமியோ நிறத்தை விடாது. சளிக்குள் கிடக்கும் எத்தனையோ கிருமிகளிடையே அதை அடையாளம் காட்டியது இந்தப் பிடிவாதம்தான். கோக் தயங்காமல் தன் முறையை விட்டு எர்லிக்கின் முறைக்கு மாறினார். அடுத்து ஃபிரான்ஸ் சீல் அனிலினின் இடத்தில் கார்பாலிக் அமிலத்தை வைத்தார். ஃபிரீட்ரிக் நீல்சன் அதனுடன் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்த்து, வெளுக்கவைக்கக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தினார். அந்த முறைக்கு இன்றும் சீல்–நீல்சன் என்றே பெயர். அதில் எர்லிக்குக்கு இடம் இல்லாதது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சில ஆண்டுகளில் எர்லிக்கின் சளியிலேயே அந்தக் கிருமி தெரிந்தது. எகிப்தின் வெயிலில் தங்கி நலமடைந்து திரும்பினார்.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று காட்டியது. அங்கு நோயாளியின் முன்னேற்றத்தைச் சொன்ன சான்றுகளில் ஒன்று, சாயமேற்றிச் செய்யும் இந்தச் சளிப் பரிசோதனை. விலை மலிவு, பெரிய கருவி வேண்டாம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் இருந்தால்தான் கண்ணில் படும். குழந்தைகளின் நோய் பெரும்பாலும் இதில் தப்பிவிடுவதால், இப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கே முதலிடம் தருகிறார்கள்.